காது வழியே வந்த குமிழி

முதலில் பிறந்த இரண்டும் தங்காமல் போய்விட்டதால் மூன்றாவது பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கி, மூக்கில் ஒரு துளை போட்டு, மூக்கன் என்று பெயர் வைத்தார்கள். எமன் ஏமாந்தானோ என்னவோ, பிள்ளை தங்கிவிட்டது. தங்கியதோடு விடாமல், நடை பழகிய நாள் முதலாகத் தண்ணீரிலேயே கிடந்தது. அரிமளத்துக்குக் கிழக்கே இருந்த ஓலைக்குடியின் பெரிய கண்மாயில் அவன் முங்கினால், கரையில் நிற்பவர்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடித்து, வாயில் போட்டு, மென்று, முதல் எச்சிலையும் துப்பிய பிறகுதான் தலை தெரியும்.

முப்பது வயதுக்குள் அவன் ஊருக்கு மடைக்காரன் ஆகிவிட்டான். கரையிலிருந்து, விரித்த கை அளவில் பத்துப் பாகம் தள்ளி, தண்ணீருக்கு மேலே இரண்டு கல்தூண்கள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அடியில்தான் மடை. கண்மாய் பெருகிக் கிடக்கும் நாளில் அங்கே இரண்டு ஆள் ஆழம். தூணைப் பிடித்தபடி தலைகீழாக இறங்கி, அடியில் இருக்கும் கல்தொட்டியின் துளையை அடைத்த மூடுகல்லை நகர்த்த வேண்டும். கல் நகர்ந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு துளைக்குள் பாயும். அந்த நொடியில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாதவன் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ஆள் ஆழத்துக்குப் போனதும் காதுகளை யாரோ கட்டைவிரலால் அமுக்குவதுபோல் வலிக்கும். அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் ஊதுவான். காதில் 'டப்' என்று ஒரு சத்தம், வலி விட்டுவிடும். இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூக்கைப் பிடித்து ஊதினால் காது ஏன் திறக்கிறது என்று அவனும் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவனுடைய வலது காதில்தான் வில்லங்கம் வந்தது. ஆறேழு வருஷமாகவே அது ஒழுகும், நிற்கும், மறுபடி ஒழுகும். வேலிப்பருத்திச் சாறு விட்டுப் பார்த்தார்கள். நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றினார்கள். கோழி இறகால் துடைத்துத் துடைத்துக் காதின் வாசல் புண்ணானதுதான் மிச்சம். பந்தியில் பக்கத்தில் உட்காருபவன் நைசாக இலையை நகர்த்திக்கொள்வான். மூக்கனும் அதைப் பார்க்காததுபோல் சாப்பிட்டு எழுந்துவிடுவான். வலது பக்கம் நின்று பேசினால் இரண்டு தடவை பேச வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் அவனுக்கு ஆறுதலாக இருந்தது மூக்குப்பொடி. தண்ணீரிலிருந்து ஏறியதும் உடம்பு சூடேற ஒரு சிட்டிகை, விடிந்ததும் ஒரு சிட்டிகை, சோற்றுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சிட்டிகை. மடியில் பொடிமட்டை இல்லாத மூக்கனை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. மூக்கு எப்போதும் அடைத்துக்கொண்டோ ஒழுகிக்கொண்டோ இருக்கும். குளிர் பிறந்துவிட்டால் தும்மல் தொடங்கும். பத்து, பதினைந்து, இருபது என்று அடுக்குத் தும்மல். "மூக்கன் எந்திருச்சுட்டான், பொழுது விடிஞ்சுருச்சு" என்று அடுத்த தெருவில் சிரிப்பார்கள்.

வெகுதானிய வருஷம் மார்கழி. கண்மாய், மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலிங்கு வரைக்கும் நிறைந்து, சம்பாப் பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதியாக நின்றது. மூன்று நாளாக அடுக்குத் தும்மல் தும்மிக்கொண்டிருந்தவன், நாலாம் நாள் காலையில் மடை திறக்கப் போனான். கரையில் ஊர்த் தலைவரான அம்பலம் பெரியண்ணனும், கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த ஆயக்கட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். அவனுடைய பெண்சாதி அழகி, ஈரம் துவட்டத் துணியோடு ஒரு ஓரமாக நின்றாள்.

மூக்கன் முங்கினான். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. ஒரு ஆள் ஆழத்தில் வழக்கம்போல மூக்கைப் பிடித்து ஊதினான். இடது காது டப்பென்றது. வலது காதில் சத்தமே இல்லை. அதற்குப் பதிலாக என்னவோ ஒன்று காதுக்குள்ளிருந்து புறப்பட்டு, காதோரத்தை உரசிக்கொண்டு ஊர்ந்து போனது. மீன் குஞ்சோ என்று தலையை உதறினான். மறுபடி ஊதினான். மறுபடியும் ஊர்ந்தது. அது குமிழி. அவனுடைய மூச்சு, வாய் வழியாகவும் இல்லாமல் மூக்கு வழியாகவும் இல்லாமல், காது வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

கையால் காதைப் பொத்தப் போனான். அதற்குள் குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் ஊசியாக இறங்கியது. இறங்கிய மறுகணம் கண்மாய் முழுவதும் செக்குபோல் சுழலத் தொடங்கியது. தூண் கையை விட்டுப் போய்விட்டது. மேல் எது, கீழ் எது, கரை எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. கையைக் காலை அடித்து ஒரு பக்கமாக நீந்தினான். விரல் சேற்றில் புதைந்தது. மேலே போவதாக நினைத்துக்கொண்டு அடித்தரைக்குத்தான் போயிருந்தான். சேற்றிலிருந்து கையை உருவியதும் மறுபடி சுழன்று, அந்தத் திசையும் தொலைந்துபோனது.

நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ, கையைக் காலை ஆட்டாமல் நிறுத்தினான். மூக்கைப் பிடித்து மிச்சம் இருந்த கொஞ்ச மூச்சையும் ஊதினான். காதிலிருந்து புறப்பட்ட குமிழி, தாடையைத் தொட்டு, கழுத்து வழியாக மார்புப் பக்கமாக ஊர்ந்து போனது. குமிழி கீழே போகாது. அப்படியானால் கால் இருக்கிற பக்கம்தான் மேல்! உடம்பைத் திருப்பிக் குமிழி போன திசையில் உந்தினான். தலை எங்கெங்கோ சுழன்றாலும் அந்த ஒரு திசையை மட்டும் விடவில்லை.

மேலே வந்தவனைப் பெரியண்ணன் அம்பலமும் இன்னொருவரும் நீந்திப் போய் இழுத்து வந்தார்கள். கரையில் கிடந்து கக்கினான். கண்ணைத் திறந்தால் வானம் சுற்றியது. மூச்சு வந்ததும் முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: "அம்பலம், என் காது மூச்சு விடுது."

"கண்மாய்க்கரை ஐயனாருக்குக் கொறை வச்சுட்டான். அதான் தண்ணி கலங்கடிச்சிருக்கு" என்றார் ஒருத்தர். காத்துக் கருப்பு என்றார் இன்னொருத்தர். அழகி மூக்கன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தன் மடியில் சாய்த்து வலது காதைத் துடைத்தாள். சீழ் வந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தவள், வீட்டுக்கு வந்து கஞ்சி கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. ஒங்களுக்குக் காது தன்னால ஒழுகலை. மூக்குத்தான் அதை ஒழுக வைக்குது."

"மூக்கு எங்கிட்டு இருக்கு, காது எங்கிட்டு இருக்கு? போடி."

"போன வருசம் கார்த்திகைத் தீபத்தன்னைக்குத் தும்ம ஆரம்பிச்சீங்க. நாலாம் நாளு தலைக்கு விரிச்ச துணியில கறை. தைப்பூசத்துக்கு முந்தி ஒருக்கா அடுக்குத் தும்மல். அதுக்கும் நாலாம் நாளு. மாசியில களத்துத் தூசியில நின்னுட்டு வந்தீங்க, மூக்கு அடைச்சுச்சு. அஞ்சாம் நாளு துணியை ஊற வச்சேன். இந்தத் தடவையும் அப்படியே. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? மூக்கு நல்லா இருக்கையில காது ஒழுகி நான் ஒருநாளும் பாத்ததில்லை."

மூக்கன் சிரிக்கவில்லை. காலையில் காதோரம் ஊர்ந்த குமிழி இன்னும் அவன் தோலில் இருந்தது. மூச்சு அங்கிட்டுப் போக வழி இருந்தால், மூக்கில் இருக்கிற மற்றதும் போகத்தானே செய்யும்?

அரிமளத்தில் அப்போது முருகப்பன் என்று ஒரு டாக்டர் இருந்தார். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் எல்லாம் பர்மாவுக்குக் கப்பல் ஏற, இவர் மட்டும் மதராஸில் வைத்தியம் படித்துவிட்டு வந்து, சொந்த வீட்டின் முன்கட்டிலேயே டிஸ்பென்சரி போட்டிருந்தார். மூக்கனும் அழகியும் போனபோது அவர் நெற்றியில் நடுவில் துளை போட்ட வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தை அதில் வாங்கிக் காதுக்குள் பாய்ச்சிப் பார்த்தார். பிறகு மூக்குக்குள் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பொடி போடுவியா?"

"கொஞ்சம் போடுவேங்க."

"கொஞ்சம் இல்லிங்கய்யா" என்றாள் அழகி.

டாக்டர் சிரித்துவிட்டு, நடந்ததைக் கேட்டார். மூக்கன் குமிழியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்த பஞ்சு கையிலேயே நின்றது. குமிழி கழுத்துப் பக்கமாகப் போனதும், அதை வைத்து மேல் எது என்று கண்டுபிடித்ததும் சொன்னபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அதன்பின் அழகி தன்னுடைய நாலாம் நாள் கணக்கைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தீபம், தைப்பூசம், மாசிக் களம் என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதை ஒனக்கு யாராவது சொன்னாங்களா?"

"யாரு சொல்லுவா? துணிதான் சொல்லுச்சு."

"நான் இதைத் தெரிஞ்சுக்கிறதுக்கு அஞ்சு வருசம் மதராஸில குப்பை கொட்டுனேன்" என்றார் டாக்டர். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, இரண்டு முனையிலும் எலும்புக் குமிழ் பொருத்திய, ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையை மூக்கனின் வலது காதில் வைத்தார், மறு முனையைத் தம் காதில் வைத்துக்கொண்டார். "மூக்கைப் பிடிச்சு ஊது" என்றார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அப்புறம் அவர் செய்ததை மூக்கன் எதிர்பார்க்கவில்லை. குழாயின் முனையைத் துடைத்து அழகியிடம் நீட்டினார். "நீதானே கண்டுபிடிச்ச? நீயே கேளு."

அழகி முந்தானையை ஒதுக்கிவிட்டுக் குழாயைக் காதில் வைத்தாள். மூக்கன் ஊதினான். அவள் முகம் மாறுவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்கள் விரிந்தன. வாய் லேசாகத் திறந்தது. புருஷனுடைய மூச்சு, ஓட்டைப் புல்லாங்குழலில் காற்றுப் போவதுபோல் உஸ்ஸென்று அவன் தலைக்குள் நடந்து, காது வழியாக வந்து, அவள் காதுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்குள் இப்படி ஒரு வழி இருந்திருக்கிறது!

"ஆத்தாடி" என்றாள்.

டாக்டர் மூக்கனுக்குப் புரியும்படி சொன்னார். "மூக்குக்குப் பின்னால, தொண்டைக்கு மேல, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் இருக்கு. கட்டைவிரல் நீளந்தான் இருக்கும். ஈர்க்குச்சி போறதே கஷ்டம், அவ்வளவு ஒடுக்கம். காதுச் சவ்வுக்கு உள்பக்கம் ஒரு சின்ன அறை. அதுக்குக் காத்துப் போற வழி அந்தக் குழாய் ஒண்ணுதான். நீ எச்சியை முழுங்குற ஒவ்வொரு தடவையும் அது தெறந்து மூடுது. பொடியும் தூசியும் குளிரும் மூக்கைப் புண்ணாக்கி வீங்க வைக்குது. வீங்குனா அந்தக் குழாயோட வாயும் அடைச்சுக்கும். உள்ள இருக்க அறையில காத்து வத்தி நீர் கட்டும். மூக்குல கெடக்குற கிருமி அங்கிட்டு ஏறிப் போகும். சீழ் வைக்கும். சீழ் தாங்காம சவ்வுல ஓட்டை விழும். ஒனக்கு இதுவரைக்கும் சின்னதா விழுந்து விழுந்து மூடியிருக்கும், இந்தத் தடவை பெருசா விழுந்திருக்கு. அந்த ஓட்டை வழியாத்தான் பச்சைத் தண்ணி உள்ள போய் ஒன் தலையைச் சுத்த வச்சது."

ஊர்க் கண்மாயின் அடிவயிறு முழுவதும் மூக்கனுக்குத் தெரியும். எந்தக் கல் எங்கே பெயர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் சேறு முழங்கால் வரைக்கும் வாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். தன் மூக்கிலிருந்து காதுக்குப் போகிற கட்டைவிரல் நீள வழி இத்தனை வருஷம் அவனுக்குத் தெரியாது. எச்சிலை விழுங்கிப் பார்த்தான். இடது காதுக்குள் ஏதோ லேசாக அசைந்தது. இன்னொரு தடவை விழுங்கினான். ஆமாம், அசைந்தது.

"அப்ப காதுக்கு மருந்து?"

"காதைத் துடைச்சு மருந்துப்பொடி ஊதுறேன். ஆனா வைத்தியம் மூக்குக்குத்தான். காலையிலயும் சாயங்காலமும் வெதுவெதுன்னு உப்புத்தண்ணி விட்டு மூக்கைக் கழுவணும். சொட்டு மருந்து தாரேன். களத்துத் தூசி ஆகாது. பொடியைத் தொடக் கூடாது. ஒரு வருசத்துக்குத் தண்ணியில தலை முங்கக் கூடாது."

பொடியை விடச் சொன்னபோதுகூட மூக்கன் அசையவில்லை. கடைசி வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிட்டான். "மடை?" என்றான்.

பதில் அழகியிடம் இருந்தது. மறுநாள் மூக்கனோடு அம்பலத்தின் வாசலில் போய் நின்றுதான் அதைச் சொன்னாள். "பயிரு பொதியா நிக்கிது, தண்ணி பாய்ச்சணும். மடையில நான் எறங்குறேன் அய்யா."

பெரியண்ணன் அம்பலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொம்பளையா? ஊரு என்ன பேசும்?"

"எங்க ஊர்க் குளத்துல அல்லிக்கெழங்கு பறிக்க முங்குனவதான் நானு. இவுக எப்படி எறங்குறாக, எந்தக் கையால கல்லை நகத்துறாகன்னு பன்னெண்டு வருசமா கரையில நின்னு பாத்திருக்கேன். அடியில கெடக்க கல்லுக்குத் தெரியவா போகுது, வந்தது ஆம்பளையா பொம்பளையான்னு?"

அம்பலம் மூக்கனைப் பார்த்தார். மூக்கன் வயலைப் பார்த்தான். வேறு யார் இறங்குவார்கள்? இரண்டு பேர் முயன்று பார்த்து, பாதி ஆழத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு மேலே வந்திருந்தார்கள்.

கண்டாங்கிச் சேலையை இறுக வரிந்து கட்டிக்கொண்டு அழகி முங்கியபோது, மூக்கன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கரையில் நின்றான். இத்தனை வருஷம் அவள் நின்ற இடத்தில், துவட்டுகிற துணியைக் கையில் பிடித்தபடி. அந்த இடத்தில் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியாது. தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தது. தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான், விட வேண்டியதாயிற்று. மறுபடி பிடித்தான். அதையும் விட்டான். அம்பலம் துண்டை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தார்.

தூண்களுக்கு நடுவே கொதிக்கிற உலைபோல் தண்ணீர் கிளம்பியது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில், முதலில் சேற்றுத் தண்ணீரும் பின்னால் தெளிந்த தண்ணீருமாக மடை பாய்ந்தது. ஊர் அதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது மூக்கன் மட்டும் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். கறுத்த தலை ஒன்று மேலே வந்தது.

அவள் கரையேறி, மூச்சு இரைக்க இரைக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லைப் பற்றியோ சுழிப்பைப் பற்றியோ சொல்லவில்லை. "காது வலிச்சுச்சுங்க. மூக்கைப் பிடிச்சு ஊதுனேன். விட்டுருச்சு! எனக்கும் இருக்குங்க அந்த வழி. எல்லாருக்கும் இருக்கு. நம்ம அம்பலத்துக்கும் இருக்கு!" என்றாள். பெரியண்ணன் அம்பலம் ஒன்றும் புரியாமல் தம் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் மூக்கனுக்கு லேசாகக் கழியவில்லை. பொடியை விட்ட முதல் பத்து நாள் யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தான். ஒருநாள் அவன் ஒளித்து வைத்திருந்த பொடிமட்டையைக் கூரை ஓலைக்குள்ளிருந்து அழகி எடுத்தாள். சண்டை போடவில்லை, அவன் எதிரிலேயே அடுப்பில் போட்டாள். அவளுக்கே தும்மல் பிடித்துக்கொண்டது. குழல் வைத்த கெண்டியில் உப்புத்தண்ணீர் எடுத்து ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வழியவிடும்போது முதலில் புரை ஏறிக் கண் சிவக்கும். சித்திரையில் காற்று இரண்டு மூக்கிலும் தாராளமாகப் போய்வந்தது. இடையில் ஒரே ஒரு தடவை, மாரியம்மன் திருவிழாப் புழுதியில் நின்றுவிட்டு வந்து நாலைந்து நாள் காது ஒழுகியது. அதற்குப் பிறகு தலைக்கு விரிக்கும் துணி வெள்ளையாகவே வந்தது. ஆடி போய் ஆவணியும் போனது. அழகி தினமும் விடிந்ததும் அந்தத் துணியைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பாள்.

ஐப்பசியில் டாக்டர் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஓட்டை மூடிருச்சு. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா ஒண்ணு வளந்திருக்கு. இதை நான் போடலை, ஒன் ஒடம்பே போட்டுக்கிச்சு. மூக்கு வழிவிட்டுச்சு, அவ்வளவுதான்" என்றார். அவருடைய குரலிலும் ஏதோ சந்நிதியில் நிற்பவரின் பதவிசு இருந்தது.

அன்று திரும்பி வரும் வழியில் வலது பக்கமாக நடந்த அழகி, ஒரு கிழவனைக் கட்டிக்கொண்டதாக ஏதோ முணுமுணுத்தாள். "என்ன, கிழவனையா கட்டிக்கிட்ட?" என்று மூக்கன் திருப்பிக் கேட்டான். அவள் திகைத்து நின்றாள். காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு ஆறேழு வருஷமாக அவள் அந்தப் பக்கத்தில் என்னென்னவோ சொல்லி வந்திருக்கிறாள்.

அடுத்த மார்கழியில் மடை திறக்கிற நாளில் மூக்கன் தயாராக நின்றான். அழகி அவனை நிறுத்தி, விரலால் ஒரு மூக்கை மூடி மறு மூக்கில் மூச்சு விடச் சொன்னாள். பிறகு மற்றதையும் பார்த்தாள். "ரெண்டும் போகுது. எறங்குங்க. அவசரப்படாதீங்க" என்றாள். அன்று அவன் இறங்கினான். தை மாதத்தில் அவனுக்குச் சளி பிடித்திருந்தபோது அவள் இறங்கினாள். அப்புறம் அது வழக்கமாகிப்போனது. மடை திறக்க வேண்டிய நாளில் அம்பலம் ஆள் அனுப்பிக் கேட்பார், இன்றைக்கு யாருக்கு மூக்கு நன்றாக இருக்கிறது என்று.

சுற்று வட்டாரத்துப் பெண்கள், ஒழுகும் காதோடு அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அழகியிடம் வர ஆரம்பித்தார்கள். அவள் காதைப் பார்ப்பதே இல்லை. பிள்ளையின் மூக்கைச் சிந்திவிட்டு, "இங்கிட்டுத்தான் கோளாறு. எண்ணெயைக் காச்சி ஊத்தாதீங்க. அரிமளத்துக்குப் போங்க, பொழுதோட போனா டாக்டரு இருப்பாரு" என்று அனுப்பிவிடுவாள். போகிறவர்கள் நம்பாமல் திரும்பிப் பார்ப்பார்கள். மூக்கன் வேலியோரம் வலை உலர்த்திக்கொண்டே அவர்களிடம் சொல்வான்: "அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். போங்க."